சுவிட்ச் தர ஆள் இருக்கு, கேபிளுக்கு யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களில் இருப்பவர்களும், வெளிநாட்டிலிருந்து உதவும் பழைய மாணவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளுக்குக் கணினி, ஸ்மார்ட் போர்ட், சுவிட்ச் எல்லாம் அன்பளிப்பாக வருகின்றன. நன்றி சொல்லிப் பெயர்ப்பலகையும் மாட்டுகிறோம். அவற்றை இணைக்கும் கேபிளுக்கு மட்டும் "மலிவாகப் பார்த்துப் போடுங்கள்" என்கிறோம். இது தலைகீழான கணக்கு. சுவிட்ச் பழுதானால் கழற்றி மாற்றலாம். சுவருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் போன கேபிளை மாற்றுவதென்றால் திரும்பவும் உடைக்க வேண்டும், கிண்ட வேண்டும்.

என் கருத்து இதுதான்: கட்டடத்துக்குள் செம்பு, கட்டடம் விட்டுக் கட்டடம் போக ஃபைபர்.

முதல் காரணம் தூரம். செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. அலுவலகத்திலிருந்து மைதானத்துக்கு அப்பால் உள்ள கணினி அறைக்குச் சுவரோரமாகச் சுற்றிப் போனால் அது எளிதில் தாண்டிவிடும். சிங்கிள் மோட் ஃபைபருக்கு, சாதாரண 1 கிகாபிட் மொடியூலோடு, 10 கிலோமீட்டர் கூடப் பிரச்சினையில்லை.

இரண்டாவது காரணம் மின்னல். ஐப்பசி, கார்த்திகை இடிமழையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். பல இடங்களில் மண் ஓரிரு அடிதான், நல்ல எர்த் கிடைப்பது கஷ்டம். இரண்டு கட்டடத்து எர்த்தும் ஒன்றுபோல இருக்காது. பக்கத்தில் மின்னல் விழுந்தால் செம்புக் கம்பி வழியாக மின்சாரம் ஓடி இரு பக்கத்துச் சுவிட்சையும் எரித்துவிடலாம். ஃபைபர் கண்ணாடி இழை, மின்சாரம் கடத்தாது. ஆனால் உள்ளே இரும்புக் கம்பியோ உலோகக் கவசமோ இல்லாத வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

"ஃபைபர் விலை கூட" என்பார்கள். இழையை ஒட்டும் வேலைக்கும் மொடியூலுக்கும் செலவு இருக்கிறது, உண்மைதான். ஒரு மாரியில் இரண்டு சுவிட்ச் எரிந்தால் அந்த மிச்சம் எங்கே?

வேலைக்கு வருபவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. கேபிள் முழுச் செம்பா? செம்பு பூசிய அலுமினியமும் சந்தையில் இருக்கிறது. நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். கேபிள் வழியே மின்சாரம் எடுக்கும் கமெரா, வைஃபை கருவிகளுக்கு அது சூடேறும்.

2. இரு முனை மொடியூலும் வேகத்திலும் ஒளியின் அலைநீளத்திலும் பொருந்துகின்றனவா? ஒற்றை இழையில் ஓடும் வகையென்றால் ஒரு முனை 1310 அனுப்பி 1550 வாங்கினால், மறுமுனை அதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். ஒரே மாதிரி இரண்டை வாங்கினால் வேலை செய்யாது.

3. எத்தனை இழை போடுகிறார்? இரண்டு போதுமென்றாலும் நான்கு போடச் சொல்லுங்கள். ஒன்று அறுந்தாலும் மண்ணைக் கிண்டத் தேவையில்லை.

வேலை முடிந்ததும் எது எங்கே போகிறது என்று ஒரு படம் வரைந்து அதிபரின் அலுவலகத்தில் வைக்க வேண்டும்.

கணினி அறை ஒரு மாதம் இணைப்பில்லாமல் கிடந்தால் நட்டம் சங்கத்துக்கு இல்லை. உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் எடுத்த, வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்குத்தான். அடுத்த முறை "என்ன வேண்டும்?" என்று யாராவது கேட்டால், தயங்காமல் நல்ல கேபிள் கேளுங்கள். அதில் பெயர்ப்பலகை மாட்ட இடமில்லைதான், நன்மை மட்டும் இருக்கிறது.