ஆளுக்கு எத்தனை குடம்?

கேரவன் என்றால் நம் ஊரில் சினிமா நட்சத்திரங்கள் ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் இடையில் ஏறி ஓய்வெடுக்கும் வண்டி. அதை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு ஊர் சுற்றலாம் என்பது சமீப காலத்து வழக்கம். 2021ல் மகாராஷ்டிரமும் கேரளமும் இதற்கென்றே தனிக் கொள்கை வகுத்தன. படுக்கை, சமையல் மேடை, ஃபிரிட்ஜ், குளியலறை, கழிப்பறை எல்லாம் சக்கரத்தின் மேல். வாடகைக்கு எடுப்பவர்கள் ஏ.சி. உண்டா, டி.வி. உண்டா, நாலு பேர் கால் நீட்டிப் படுக்கலாமா என்று விசாரிக்கிறார்கள். எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்கும், அது எத்தனை நாள் வரும் என்று கேட்பவர்கள் குறைவு. நானும் கேட்கவில்லை. அதன் பலனை மேற்கு ராஜஸ்தானில் அனுபவித்தேன்.

ஒரு டிசம்பர் மாதம். ஜோத்பூரில் வண்டி எடுத்து, பார்மேர் வழியாக ஜெய்சல்மேர் போவதாகத் திட்டம். வழியில் இரண்டு இரவுகள் வண்டியிலேயே தூக்கம், மூன்றாம் நாள் மதியம் ஜெய்சல்மேர். நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன், எழுபத்து நாலு வயது அம்மா, ஓட்டுநர் என்று ஐந்து பேர். டாங்க்கில் 150 லிட்டர் என்று எழுதியிருந்தது. கேட்பதற்குப் பெரிய எண்தான். அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"குடத்துல சொல்லுடா" என்றாள் அம்மா. சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை போட்டுக் குடும்பம் நடத்தியவள். அவளுக்கு லிட்டர் கணக்கு மனதில் ஏறாது.

"பத்துக் குடம்மா."

"அஞ்சு பேருக்கா? ஒரு நாளைக்கா, மொத்தத்துக்குமா?"

மொத்தத்துக்கும்தான் என்றேன். அம்மா பதில் பேசவில்லை. ஜோத்பூர் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தச் சொல்லி இரண்டு பிளாஸ்டிக் வாளியும் ஒரு மக்கும் வாங்கிக்கொண்டாள். குழாயும் ஷவரும் இருக்கிற வண்டியில் வாளி எதற்கு என்று மகன் சிரித்தான்.

அன்று மாலையே அவன் ஷவரில் குளித்தான். சாதாரண ஷவர் நிமிஷத்துக்கு எட்டு லிட்டராவது கொட்டும். நாலு நிமிஷம் நின்றால் இரண்டு குடத்துக்கு மேல் காலி. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டே நான் பல் தேய்த்தேன். மனைவி வீட்டில் செய்கிற மாதிரியே அரிசியை மூன்று தண்ணீர் களைந்தாள். யாரும் ஊதாரித்தனமாக எதையும் செய்துவிடவில்லை. வீட்டில் எப்படி இருப்போமோ அப்படி இருந்தோம், அவ்வளவுதான்.

டாங்க்கின் அளவைக் காட்ட நாலு சிறு விளக்குகள் இருந்தன. இரண்டாம் நாள் காலை பார்மேர் ஊருக்குள் நுழைந்தபோது இரண்டு விளக்குகள் எரிந்தன. பாதி இருக்கிறதே என்று நிரப்பாமல் தாண்டினோம். அந்த இரண்டாவது விளக்கு லேசில் அணையாத ரகம் என்பது பிறகுதான் தெரிந்தது. பார்மேருக்கு அருகே கிராடு கோயில்களைப் பார்த்துவிட்டு, ஜெய்சல்மேர் சாலையில் ஷிவ் என்ற சிற்றூரையும் கடந்து, பிற்பகல் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது மோட்டார் பம்பின் சத்தம் மாறியது. நாலு தடவை இருமியது. குழாயில் காற்று வந்தது.

உயிருக்கு ஆபத்தில்லை. குடிப்பதற்கென்று தனியாக வாங்கிய இருபது லிட்டர் கேனில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆனால் ஐந்து பேரின் எச்சில் தட்டுகள் கிடந்தன, கழிப்பறையில் ஒரு சொட்டு இல்லை. அம்மா தன் இரண்டு வாளிகளையும் காலையில் நிரப்பி வைத்திருந்தாளா என்று நம்பிக்கையோடு பார்த்தேன். வைத்திருந்தாள். அதில்தான் மனைவி துணிகளை அலசியிருந்தாள்.

ஓட்டுநர் வண்டியைச் சாலையிலிருந்து இறக்கி, சற்றுத் தொலைவில் தெரிந்த நாலைந்து வீடுகள் கொண்ட குடியிருப்புக்கு ஓட்டினார். அங்கே 'டாணி' என்கிறார்கள். வீட்டு முன்னால் மண்ணில் வட்டமாக ஒரு சிமென்ட் மூடி, அதற்குப் பூட்டு. அதுதான் டாங்கா. பூமிக்குள் தொட்டி வெட்டி, உட்புறம் பூசி, சுற்றிலும் தரையைச் சரிவாக இறுக்கி வைத்திருப்பார்கள். மழை பெய்தால் அந்தச் சரிவில் விழுகிற நீர் வலை வைத்த துவாரங்கள் வழியாக உள்ளே இறங்கும். மழைக்காலத்துக்கு முன்னால் சரிவைப் பெருக்கிச் சுத்தம் செய்வார்கள். செருப்புக் காலோடு அதில் நடக்கக் கூடாது. இந்த நீர் முறைகளைப் பற்றி அனுபம் மிஸ்ரா 1995ல் இந்தியில் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். நான் அதைப் படித்தவன். படித்தும், வண்டியிலிருந்த நீளமான ரப்பர் குழாயைச் சுருள் பிரித்துக்கொண்டு இறங்கினேன். சரிவின் மேல் என் செருப்புக் கால் பட இருந்தபோது ஓட்டுநர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"குழாய் வேண்டாம், சாப்."

தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் வந்தார். ஓட்டுநர் மார்வாரியில் விஷயத்தைச் சொன்னார். பெரியவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து, கயிற்றில் கட்டிய வாளியை இறக்கினார். முதலில் ஒரு சொம்பில் எங்கள் எல்லாருக்கும் குடிக்கக் கொடுத்தார். பிறகு அம்மாவின் இரண்டு வாளிகளையும் நிரப்பினார். நான் டாங்க்கின் மூடியைத் திறந்துகொண்டு நிற்பதைப் பார்த்துத்தான் முதல் கேள்வி வந்தது. ஓட்டுநர் மொழிபெயர்த்தார்.

"எத்தனை பேர்?"

"அஞ்சு."

"ஜெய்சல்மேர் எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி."

"அப்போ இது போதுமே" என்றார் பெரியவர்.

இன்னொரு இரவு வழியில் தங்கும் எங்கள் திட்டம் அந்த ஒரு வார்த்தையில் முடிந்தது. பணம் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. அம்மா கொடுத்த முறுக்குப் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

வண்டி கிளம்பிய பிறகு பழைய அரசுக் கணக்கு ஒன்று ஞாபகம் வந்தது. கிராமக் குடிநீர்த் திட்டங்களுக்கு மத்திய அரசு பல ஆண்டுகள் வைத்திருந்த அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர். குடிக்க 3, சமைக்க 5, குளிக்க 15, பாத்திரமும் வீடும் கழுவ 7, கழிப்பறைக்கு 10. பாலைவனப் பகுதிகளில் கால்நடைகளுக்காக 30 லிட்டர் கூடுதல். 2019ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கான அளவு 55 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரவாசிக்கு 135. ஜோத்பூரில் நாங்கள் பெருமையோடு ஏற்றிய 150 லிட்டரை ஐந்து பேருக்கும் இரண்டரை நாளுக்கும் பங்கிட்டால், ஆளுக்கு நாளைக்கு 12 லிட்டர். பழைய கிராம அளவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

பெரியவர் வீட்டுக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு 8 லிட்டர் என்றால், ஆறு பேர் உள்ள குடும்பத்துக்கு நாளைக்கு 48. வருஷத்துக்கு 17,520 லிட்டர். இருபதாயிரம் லிட்டர் பிடிக்கிற டாங்கா ஒன்று நிறைந்தால் ஒரு மழையிலிருந்து அடுத்த மழை வரை இழுத்துப் பிடிக்கலாம். ஜெய்சல்மேரில் வருஷம் முழுவதும் பெய்கிற மழை 200 மில்லி மீட்டருக்கும் குறைவு. இப்போது பல ஊர்களுக்குக் குழாய் வந்துவிட்டது. பஞ்சாபின் ஹரிகே அணையிலிருந்து இந்திரா காந்தி கால்வாய் பாலைவனத்துக்குள் நீரைக் கொண்டுவருகிறது. இருந்தாலும் டாங்காவை யாரும் மூடிவிடவில்லை. நான் ரப்பர் குழாயைப் போட்டு 150 லிட்டரை உறிஞ்சியிருந்தால், அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தின் மூன்று நாள் சோற்றையும் தாகத்தையும் எடுத்துக்கொண்டு போயிருப்பேன். என் மகன் ஷவரில் நிற்பதற்காக.

அந்தப் பகுதியில் தண்ணீர் கேட்டவரை இல்லையென்று அனுப்ப மாட்டார்கள். கேட்பவர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியதற்கு அதுவே காரணம்.

சரி, எவ்வளவுதான் எடுத்துப் போவது? வெளிநாட்டுக் கையேடுகளின் கணக்கு நமக்கு உதவாது. அவற்றில் டின்னைத் திறந்து சாப்பிடுகிறார்கள், கழிப்பறையில் காகிதம் உபயோகிக்கிறார்கள். நம்முடைய கணக்கில் அரிசி களைவதும் உண்டு, சொம்பும் உண்டு. என் அனுபவத்தில் ஆளுக்கு நாளைக்குக் குடிக்க 4, சமைக்க 3, பாத்திரத்துக்கு 3, முகம் கைகால் கழுவ 2, கழிப்பறைக்கு 6. ஆக 18 லிட்டர். அரை வாளிக் குளியல் சேர்த்தால் 26. கோடையில் குடிக்கிற கணக்கை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். குளியலைத் தவிர்த்து 20 என்று வைத்துக்கொண்டால் சுலபம். ஐந்து பேருக்கு நாளைக்கு 100 லிட்டர். 150 லிட்டர் டாங்க் ஒன்றரை நாளைக்கு வரும். அதற்குள் குழாய் உள்ள ஊர் வருமா என்று கிளம்புமுன் வரைபடத்தில் பாருங்கள்.

டாங்க்கைப் பெரிதாக்கினால் தீர்ந்தது என்று தோன்றும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. 150 லிட்டர் என்றால் தடியான இரண்டு ஆட்களைக் கூடுதலாக ஏற்றிய மாதிரி. டீசல் செலவு கூடும், டயருக்கும் பிரேக்குக்கும் பாரம் கூடும். பாதி நிறைந்த டாங்க்கில் தண்ணீர் அலையடித்து, வளைவில் வண்டியைத் தள்ளவும் செய்யும். நிறைய ஏற்றுவதைவிட, வறண்ட பகுதிக்கு முந்தைய கடைசி ஊரில் முழுசாக நிரப்புவதே புத்திசாலித்தனம். விளக்கு பாதி காட்டினாலும் நிரப்ப வேண்டும். லாட்ஜில், பெட்ரோல் பங்க்கில், தாபாவில் கேட்டு, உரிய பணம் கொடுத்து நிரப்பலாம். குளியலையும் லாட்ஜில் அறை எடுத்து முடித்துக்கொள்ளலாம்.

குடிநீரை டாங்க்கோடு சேர்க்காதீர்கள். வாடகை வண்டியின் டாங்க்கை எப்போது கழுவினார்கள் என்பது நமக்குத் தெரியாது. மூடியுள்ள கேன்களில் தனியாக எடுத்துப் போங்கள். அதில் ஒரு கேன் கடைசி வரை திறக்காமல் இருக்கட்டும். வண்டி நடுவழியில் நின்றால் அதுதான் காப்பாற்றும்.

மிச்சம் பிடிக்கிற வழிகள் நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்தவைதான். சாப்பிட்ட தட்டைப் பழைய செய்தித்தாளால் துடைத்துவிட்டுக் கழுவினால் பாதித் தண்ணீர் போதும். அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரத்தின் முதல் அலசலை முடிக்கலாம். குழாயைத் திறப்பதற்குப் பதில் மக்கில் பிடித்துக்கொண்டால் செலவு கண்ணுக்குத் தெரியும். சோப்புத் தண்ணீர் சேரும் கீழ் டாங்க்கைச் சாலையோரம் திறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நமக்குக் காய்ந்த மண்ணாகத் தெரிவது யாரோ ஒருவரின் மழை விழும் சரிவாக இருக்கலாம். ஊருக்குள் சாக்கடை உள்ள இடம் பார்த்துத்தான் திறக்க வேண்டும்.

அன்று இரவு ஏழு மணிக்கு ஜெய்சல்மேரில் லாட்ஜ் வாசலில் இறங்கினோம். தட்டுகள் கழுவியாயிற்று, ஐந்து பேரும் கழிப்பறை போயாயிற்று, எல்லாரும் முகம் கழுவியிருந்தோம். மகன் வாளிகளை வெளியே எடுத்து வைத்தான். ஒன்றில் இன்னும் அரை வாளி இருந்தது.

பெரியவரின் கணக்கு சரியாகவே இருந்தது.