மஞ்சள் சாப்பிட்டால் ஞாபகசக்தி கூடுமா? மாத்திரை வாங்கும் முன் இதைப் படிங்க

"மஞ்சள் மூளைக்கு ரொம்ப நல்லதாம்... அந்த மாத்திரை ஒரு டப்பா வாங்கிட்டு வாப்பா."

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த தகவலைப் பார்த்துவிட்டு உங்கள் பாட்டியும் இப்படிக் கேட்டிருக்கலாம்.

அவரது பயம் நியாயமானதே. சிங்கப்பூரில் 60 வயதைத் தாண்டியவர்களில் 8.8 விழுக்காட்டினருக்கு முதுமறதி நோய் இருப்பதாக மனநலக் கழகத்தின் 2023 ஆய்வு காட்டியது. ஏறக்குறைய 11 பேரில் ஒருவர்!

பேச்சு எங்கிருந்து வந்தது?

2006இல் சிங்கப்பூரில் வெளிவந்த ஓர் ஆய்வுக்கும் இதில் பங்குண்டு. 60 முதல் 93 வயது வரையிலான 1,010 பேர் அதில் ஆராயப்பட்டனர். அவ்வப்போதோ அடிக்கடியோ கறி சாப்பிட்டவர்கள், அரிதாகச் சாப்பிட்டவர்களைவிட மூளைத்திறன் சோதனையில் நன்றாகச் செய்தனர்.

அதற்குக் கறிதான் காரணமா? அவர்களுடைய மற்றப் பழக்கங்களும் காரணமாக இருக்கலாமே! இவ்வகை ஆய்வு தொடர்பை மட்டுமே காட்டும், காரணத்தை உறுதிசெய்யாது.

மஞ்சளில் அப்படி என்ன இருக்கு?

குர்க்குமின். மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள். ஆய்வுக்கூடச் சோதனைகளில் அது அழற்சியைக் குறைக்கிறது.

ஆனால் மஞ்சள்தூளில் அது சுமார் 3 விழுக்காடுதான். அதிலும் மிகக் குறைவாகவே ரத்தத்தில் கலக்கிறது.

எளிதில் கலக்கும் வகையில் தயாரித்த குர்க்குமினை அமெரிக்காவில் 18 மாதம் சோதித்தனர். நினைவாற்றல் மேம்பட்டது. ஆனால் 2018இல் வெளிவந்த அந்த ஆய்வில் இருந்தவர்கள் 40 பேர் மட்டுமே.

மற்றத் தாவரங்கள்?

- ஜிங்கோ: 3,000க்கும் அதிகமான முதியவர்கள் சுமார் 6 ஆண்டு கண்காணிக்கப்பட்டனர். முதுமறதி நோயை அது தடுக்கவில்லை என்று 2008இல் தெரியவந்தது.

- ஃபிளேவனால்: கோக்கோ, தேநீர், ஆப்பிள் போன்றவற்றில் இருப்பது. 3,500க்கும் அதிகமானோர் பங்கேற்ற ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. ஏற்கெனவே உணவில் ஃபிளேவனால் குறைவாக இருந்தவர்களுக்கு நினைவாற்றல் சற்று மேம்பட்டது. மற்றவர்களுக்குப் பெரிய மாற்றமில்லை.

அதாவது, குறை இருந்தால் நிரப்பலாம். நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றினால் வழியத்தானே செய்யும்?

சரி, மாத்திரை சாப்பிட்டுத்தான் பார்ப்போமே... என்ன ஆகிடும்?

கவனம் தேவை. மஞ்சள், குர்க்குமின் மாத்திரைகளால் அரிதாகக் கல்லீரல் பாதிக்கப்படலாம் என்று ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் எச்சரித்தது. உடலில் அதிகம் கலக்கும்படி தயாரித்த மாத்திரைகளில் ஆபத்து கூடுதலாக இருக்கலாம். மிளகுச் சாறு சேர்ப்பதும் அதற்காகத்தான்!

ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுவோர் மருத்துவரைக் கேட்காமல் மஞ்சள் மாத்திரையையோ ஜிங்கோவையோ தொடவே வேண்டாம்.

சமையலில் சேர்க்கும் மஞ்சளுக்கு இந்த எச்சரிக்கை பொருந்தாது.

அப்போ என்னதான் செய்யலாம்?

முதுமறதி நோய்ச் சம்பவங்களில் சுமார் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பிருப்பதாக லான்செட் நிபுணர் குழு 2024இல் கூறியது. அதற்கு அது பட்டியலிட்ட 14 அம்சங்களில் சில: ரத்த அழுத்தம், நீரிழிவு, செவித்திறன் குறைபாடு, புகைப்பழக்கம், உடற்பயிற்சியின்மை, தனிமை.

ஆக, பாட்டி கேட்டால்... மஞ்சள் குழம்பிலேயே இருக்கட்டும். மாத்திரைக்கு ஆகும் காசில் அவருடைய காதைப் பரிசோதிக்க அழைத்துப் போங்கள். சாயங்காலம் புளோக்கைச் சுற்றி அவரோடு ஒரு நடை போய்வாருங்கள். தனிமைக்கும் அதுவே மருந்து.