எல்லாவற்றுக்கும் சங்கு ஊதாதீர்கள்

மென்பொருள் வேலை பார்க்கும் என் பிள்ளைகளே, வைகை அணையின் மொத்த நீர்மட்டம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. அடிக்கு அடி சங்கு ஊதினால் சோழவந்தான்காரர்கள் திரும்பியாவது பார்ப்பார்களா?

உங்கள் பைத்தானில் 2003 முதலே லாகிங் இருக்கிறது. டீபக் தொடங்கி கிரிட்டிக்கல் வரை ஐந்து படி. நீங்களோ எல்லாவற்றையும் பிரிண்ட் போடுகிறீர்கள். பிரிண்டுக்கு ஏது படி? தும்மலும் மாரடைப்பும் ஒரே குரலில் வரும். சிலர் பிழையை 'எக்செப்ட், பாஸ்' என்று விழுங்கியே விடுகிறார்கள். (இதற்குப் பெயர் சாமர்த்தியமாம்!)

ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் கேட்டு எழுகிறவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். கிரிட்டிக்கல் என்றால் மட்டும் அவனை எழுப்புங்கள். எங்கே, என்ன ஆயிற்று, அவன் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் அந்தச் செய்தியிலேயே எழுதுங்கள்.