தூண்டிலில் மாட்டுவது மீனா, ஆளா?

பாஸ் என்றதும் ஆபீஸ் முதலாளி ஞாபகம் வந்தால் தப்பில்லை. ஆனால் அமெரிக்காவில் சனிக்கிழமை விடியற்காலையில் வண்டிக்குப் பின்னால் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறவரிடம் 'பாஸ்' என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு ஞாபகம் வருவது ஒரு மீன். பச்சை உடம்பு, பக்கவாட்டில் ஒரு கரும்பட்டை, கண்ணையும் தாண்டிப் பின்னால் போகிற பெரிய வாய். முழுப்பெயர் லார்ஜ்மவுத் பாஸ். ஏரி, குளம், மெதுவாக ஓடும் ஆறு இதெல்லாம் அதன் வீடு. வாய்க்குள் அடங்குகிற எதையும், சின்ன மீனோ தவளையோ, விழுங்கிப் பார்த்துவிடும். நம்மூரில் நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். அங்கே பாஸும் அப்படித்தான்.

இதைப் பிடிக்க உயிருள்ள புழுவைவிட அதிகம் பேர் நம்புவது லூர் என்கிற பொய் இரையை. மரம், பிளாஸ்டிக், ரப்பர், உலோகம் என்று எதிலாவது செய்து, கொக்கி மாட்டி, மீன் மாதிரியோ புழு மாதிரியோ தண்ணீரில் ஆட விடுவது. கேட்க எளிமையாக இருக்கிறதல்லவா? அமெரிக்காவில் ஒரு பெரிய மீன்பிடிச் சாமான் கடைக்குள் போனால் இந்த எளிமை காணாமல் போய்விடும். தரையிலிருந்து கூரை வரை சுவர் முழுக்க லூர். ஒரே மாடலில் முப்பது நிறம். சில டாலருக்கும் கிடைக்கும், நூறு டாலருக்கு மேலும் கிடைக்கும். "சரியான லூர் உங்களிடம் இல்லை, அதனால்தான் மீன் கிடைக்கவில்லை" என்று அந்தச் சுவர் சொல்லாமல் சொல்கிறது.

அந்தச் சுவர் சொல்வது பொய். பாஸ் பிடிக்கத் தெரியவேண்டியது தண்ணீரைப் பற்றி. லூர் அதற்குப் பிறகு வருகிற சின்ன விஷயம்.

இரண்டு சாதனைகள், ஒரு பாடம்

1932 ஜூன் 2. அமெரிக்காவைப் பொருளாதார மந்தம் பிழிந்துகொண்டிருந்த காலம். ஜார்ஜியா மாநிலத்தில் மாண்ட்கோமரி லேக் என்ற இடத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி ஒரு பாஸைப் பிடித்தார். எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது பத்து கிலோவுக்கு மேல். கூட ஒரு நண்பர் இருந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து அன்று படகில் இருந்தது ஒரே ஒரு லூர் என்றுதான் அந்தக் கதை சொல்லப்படுகிறது. மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள்.

அந்தச் சாதனையை 77 வருடம் யாராலும் தொட முடியவில்லை. 2009 ஜூலை 2 அன்று ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா என்பவர் ஏறக்குறைய அதே எடையில் ஒரு பாஸைப் பிடித்தார். பெர்ரியின் மீனைவிட ஓர் அவுன்ஸுக்கும் குறைவாகத்தான் அதிகம். இரண்டு அவுன்ஸாவது கூடுதலாக இருந்தால்தான் பழைய சாதனை முறிந்ததாகக் கணக்கு என்பது விதி. அதனால் இருவரும் சமம் என்று பதிவானது. குரிட்டா பயன்படுத்திய இரை என்ன தெரியுமா? உயிருள்ள ஒரு புளூகில் மீன். லூரே இல்லை!

இந்த 77 வருடத்தில் எத்தனை ஆயிரம் மாடல் லூர் சந்தைக்கு வந்திருக்கும்? எத்தனை பெட்டியில் 'புரட்சி' என்று அச்சடித்திருப்பார்கள்? உச்சியில் இருக்கிற இரண்டு மீனில் ஒன்று இருந்த ஒரே லூரில் வந்தது. இன்னொன்று லூரே இல்லாமல் வந்தது.

வாங்குகிறவர் வேறு, தின்கிறவர் வேறு

மார்க்கெட்டிங் பாடத்தின் முதல் அத்தியாயத்திலேயே வரும் விஷயம் இது. பொருளைப் பயன்படுத்துகிறவர் ஒருவர், காசு கொடுக்கிறவர் இன்னொருவர் என்றால், விற்பனையாளர் மயக்க வேண்டியது காசு கொடுக்கிறவரைத்தான். மாட்டுக்கு வாங்கும் சலங்கையை மாடா தேர்ந்தெடுக்கிறது? லூரும் அதே கதைதான். மீனிடம் பர்ஸ் இல்லை. அதனால் லூரின் கண்ணும் செதிலும் மினுமினுப்பும் கடைக்குள் நிற்கும் மனிதனின் கண்ணுக்காக வரையப்படுகின்றன.

சந்தேகம் இருந்தால் நிறத்தை எடுத்துக்கொள்ளலாம். இல்லினாய் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. குறிப்பிட்ட நிறத்தைத் தேடிப்போனால் தீனி கிடைக்கும் என்று பாஸ்களைப் பழக்கிப் பார்த்தார்கள். சிவப்பையும் பச்சையையும் அவை நன்றாகவே பிரித்தறிந்தன. ஆனால் பளீரென்ற பச்சைமஞ்சளுக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாமல் தடுமாறின. கருநீலத்துக்கும் கறுப்புக்கும் அதே தடுமாற்றம். அதன் கண்ணில் இருக்கும் கூம்பு செல்கள் இரண்டே வகை, மனிதனுக்கு மூன்று. போதாததற்கு, ஆழம் போகப்போகச் சிவப்பு ஒளிதான் தண்ணீரில் முதலில் மறைகிறது. கடையில் தகதகவென்று மின்னிய சிவப்பு லூர் ஆழத்தில் கருத்த பொம்மை. அப்படியிருக்க முப்பது நிறம் யாருக்காக?

பொம்மையை விற்கலாம், பார்வையை?

ராபாலா என்ற பெயர் இந்த உலகில் பிரபலம். பின்லாந்தைச் சேர்ந்த லௌரி ராபாலா ஓர் ஏழை மீனவர். ஏரியில் வேலை செய்யும்போது ஒன்றைக் கவனித்தார். பெரிய மீன்கள் கூட்டமாகப் போகும் சின்ன மீன்களில் எல்லாவற்றையும் துரத்துவதில்லை. கொஞ்சம் தள்ளாடி நீந்துகிற ஒன்றைக் குறிவைத்து அடிக்கின்றன. 1936இல் தக்கையைச் செதுக்கி, மேலே மினுமினுப்பான காகிதம் சுற்றி, அதே தள்ளாட்டத்தோடு நீந்தும் ஒரு பொம்மையைச் செய்தார். 1962 ஆகஸ்டில் அமெரிக்காவின் 'லைஃப்' பத்திரிகையில் அந்த லூரைப் பற்றிக் கட்டுரை வந்தது. அட்டையில் அப்போதுதான் இறந்திருந்த மர்லின் மன்றோ! இதழ் விற்றுத் தள்ளியது, லூருக்கு ஆர்டர்கள் குவிந்தன.

ராபாலா செய்தது நல்ல லூர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் முதலில் தண்ணீரைப் பார்த்தார், பிறகுதான் கத்தியை எடுத்தார். வாங்கியவர்களுக்குக் கிடைத்தது பொம்மை மட்டும். மீன் எதை அடிக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்த அந்தப் பார்வை பெட்டிக்குள் வரவில்லை.

2011 அக்டோபரில் இதே நாடகம் மறுபடி அரங்கேறியது. அலபாமாவின் கன்டர்ஸ்வில் ஏரியில் நடந்த போட்டியில் பால் எலியாஸ் நான்கு நாளில் இருபது மீன், மொத்தம் 102 பவுண்டு 8 அவுன்ஸ் பிடித்து ஜெயித்தார். அவர் கையிலிருந்தது அலபாமா ரிக். குடைக்கம்பி போல விரியும் ஐந்து கம்பிகளில் ஐந்து லூர், ஒரு சின்ன மீன்கூட்டமே நீந்துவது போல இருக்கும். அதை வாங்கக் கடைகளில் அடிதடி. 2012இலேயே பி.ஏ.எஸ்.எஸ். அமைப்பு தன் உயர்மட்டப் போட்டிகளில் அதைத் தடை செய்துவிட்டது. சின்ன மீன்கள் கூட்டம் கூட்டமாகத் திரியும் திறந்த நீரில் அது எமன். செடி மண்டிய ஒரு சின்னக் குளத்தில் அதை எறிந்தால்? களையெடுக்கும் கருவி!

அப்படியானால் எதைத்தான் கட்டுவது?

லூரைத் தொடுவதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்டால் போதும்.

1. தண்ணீர் எவ்வளவு சூடு? மீனின் உடம்பு தண்ணீரின் சூட்டோடு ஏறி இறங்கும். 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் பாஸுக்குச் சோம்பல், துரத்தாது. அப்போது ஜிக், அதாவது தலையில் எடை வைத்த கொக்கி, தரையில் மெதுவாக ஊர வேண்டும். வசந்தத்தில் ஏறக்குறைய 16 முதல் 20 டிகிரியில் கரையோர ஆழமில்லா நீரில் கூடு கட்டும். ஆண்மீன் காவல் நிற்கும், பசி இல்லாவிட்டாலும் கிட்டே வருவதைக் கடிக்கும். அப்படிப் பிடித்தால் உடனே விட்டுவிடுவதுதான் நியாயம். காவல் போனால் முட்டைகளைப் புளூகில்கள் காலி செய்துவிடும். கோடையில் விடியலும் அந்தியும் கரையோரம், நடுப்பகல் நிழல் அல்லது ஆழம்.

2. தண்ணீர் தெளிவா, கலங்கலா? கலங்கலில் பாஸ் கண்ணைவிடப் பக்கவாட்டு உணர்வுக்கோட்டை அதிகம் நம்பும், அதாவது அதிர்வை. அங்கே தகடு சுழலும் ஸ்பின்னர்பெய்ட். தெளிந்த நீரில் சத்தமில்லாத, மெல்லிய ரப்பர் புழு.

3. மீன் எந்த ஆழத்தில்? கிராங்க்பெய்ட் என்ற லூரின் வாயருகே உதடு போல ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நீளமும் சாய்வும்தான் எவ்வளவு ஆழம் போகும் என்பதைத் தீர்மானிக்கும். வாங்கும்போது பார்க்க வேண்டியது அந்த உதட்டை. எல்லோரும் பார்ப்பது முதுகில் இருக்கும் பெயின்ட்டை!

4. அடியில் என்ன இருக்கிறது? செடி, விழுந்த மரம் என்றால் டெக்சாஸ் ரிக். கொக்கியின் கூர்முனையை ரப்பர் புழுவின் உடம்புக்குள்ளேயே புதைத்துக் கட்டும் முறை, எதிலும் மாட்டாது. ரப்பர் புழு 1949இல் ஒஹையோவில் நிக் க்ரீம் உருவாக்கியது. இன்றைக்கும் அதற்கு மவுசு குறையவில்லை.

ஆக, ரப்பர் புழு, ஜிக், ஸ்பின்னர்பெய்ட், கிராங்க்பெய்ட், நீர்மேல் துள்ளும் டாப்வாட்டர். ஐந்து வகை, ஒவ்வொன்றிலும் ஒரு வெளிர் நிறம், ஒரு கருநிறம். பெட்டி மூடிவிட்டது.

எதிர்க்கட்சியின் வாதங்கள்

"தொழில்முறைப் போட்டியாளர்கள் படகு நிறையச் சாமான் கொண்டுபோகிறார்களே?" உண்மைதான். அவர்களில் பலருக்கு லூரைத் தருவதே ஸ்பான்சர். அவர்கள் ஒரு ஏரி முழுக்கச் சுற்றுகிறார்கள், வெற்றி அவுன்ஸ் கணக்கில் நிர்ணயமாகிறது. வார இறுதியில் அரைநாளும் ஒரு குளமும் கிடைத்தவருக்கு அந்தக் கணக்கு எதற்கு? இன்னொன்று. 1971இல் ரே ஸ்காட் நடத்திய முதல் பாஸ்மாஸ்டர் கிளாசிக் போட்டியில் எந்த ஏரி என்பதையே விமானம் மேலே பறந்த பிறகுதான் சொன்னார்கள். சாமான் பத்து பவுண்டுக்கு மேல் கூடாது. நெவாடாவின் மீட் ஏரியில் பாபி முர்ரே ஜெயித்து 10,000 டாலர் வாங்கினார். அளவான பெட்டியும் தண்ணீரைப் படிக்கும் கண்ணும் போதும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

"பழைய லூரை மீன் பழகிவிடும், புதுசு வேண்டாமா?" பாதி சரி. மீன் கற்றுக்கொள்ளும். ஆனால் இல்லினாயின் ரிட்ஜ் ஏரி மீன்களை வைத்துப் பல வருடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வு, தூண்டிலில் எளிதில் மாட்டும் குணம் பரம்பரையாகவும் வருகிறது என்று காட்டியது. சில மீன்கள் பிறவியிலேயே உஷார். அவற்றுக்காகப் புதுப்புது நிறத்தில் வாங்கிக் குவிப்பதைவிட, எறியும் இடத்தையும் இழுக்கும் வேகத்தையும் மாற்றுவது இலவசம்.

"லூர் விற்றால் ஏரிக்குத்தானே நல்லது?" மூன்றில் வலுவான வாதம் இதுதான். 1950இல் வந்த டிங்கெல்-ஜான்சன் சட்டத்தால் மீன்பிடிச் சாமான்கள் மீது உற்பத்தியாளர் கட்டும் பத்து சதவீத வரி, மாநிலங்களின் மீன்வளப் பணிகளுக்குப் போகிறது. அருமையான சட்டம். ஆனால் டாஸ்மாக் வருமானமும் அரசு கஜானாவுக்குத்தான் போகிறது. அதற்காகக் குடிப்பது சமூக சேவை ஆகிவிடுமா? மேலும், வாங்கியதில் ஒரு பங்கு ஏரிக்கே குப்பையாகத் திரும்புகிறது. பிய்ந்த ரப்பர் புழுக்கள் மீன் வயிற்றில் கிடைக்கின்றன. விழுங்கிய சின்ன ஈயக்குண்டால் லூன் பறவைகள் சாகின்றன என்பதால்தான் நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் போன்ற மாநிலங்கள் அவற்றுக்குக் கட்டுப்பாடு போட்டன.

யாருக்கு நஷ்டம்?

பணக்காரர் நூறு லூர் வாங்கினால் அது அவர் பாடு. நஷ்டம் வேறொருவருக்கு. பழைய கம்பும் இரண்டு கொக்கியுமாகக் குளக்கரையில் நிற்கும் பத்து வயதுப் பையனுக்கு. காலையிலிருந்து ஒன்றும் கடிக்கவில்லை. நடுப்பகல் வெயிலில் திறந்த நீரில் எறிந்துகொண்டிருக்கிறான். நாலடி தள்ளி மரநிழலில் எறிந்தால் கதை வேறு. அதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை. "உன்னிடம் சரியான லூர் இல்லை" என்று சொல்ல மட்டும் விளம்பரம் இருக்கிறது. அவன் அப்பாவிடம் காசு இல்லை. இது நமக்கான விளையாட்டு இல்லை என்று கம்பை மூலையில் சாத்திவிடுகிறான்.

அவனுக்குத் தேவை ஒரு தெர்மாமீட்டர், ஒரு நோட்டு. தேதி, தண்ணீரின் சூடு, தெளிவு, ஆழம், எறிந்த இடம், கட்டிய லூர், கிடைத்த மீன் என்று ஒரு கணக்குப் புத்தகம் போடட்டும். ஒரு சீசன் முடிந்து அதைப் புரட்டினால், லூர் என்ற பத்தியில் அதே இரண்டு மூன்று பெயர்கள்தான் திரும்பத் திரும்ப இருக்கும். இடம், சூடு, ஆழம் என்ற பத்திகள்தான் மீன் கிடைத்த நாளையும் கிடைக்காத நாளையும் பிரித்துக் காட்டும்.

அந்த நோட்டை எந்தக் கடையும் விற்பதில்லை. அதில் லாபம் இல்லையே!