153 என்னும் எண்ணும் மூன்று நம்பர் லாட்டரியும்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின், பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் சகோதரர் ஒருவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்தார். சாட்சி எழுதியிருக்கிறார் போலும் என்று திறந்தேன். பக்கம் பக்கமாகக் கேரள லாட்டரியின் முடிவுகள். ஒவ்வொன்றிலும் கடைசி மூன்று இலக்கங்கள் சிவப்பு மையில். கடைசி இடத்தில் 7 வந்து 26 நாட்கள் ஆகிவிட்டனவாம். இனி அது வந்தே தீருமாம். “இது சூதாட்டம் இல்லை ஐயா, கணக்கு” என்றார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். குமாரபாளையத்துத் தறிக்கூடங்களிலும் நாமக்கல் லாரிப் பட்டறைகளிலும் இத்தகைய நோட்டுகள் இன்னும் இருக்கும் என்று அஞ்சுகிறேன்.

கணக்கு என்றதால் கணக்கையே பார்ப்போம். 000 முதல் 999 வரை 1000 எண்கள். குலுக்கும் இயந்திரத்துக்கு நினைவு கிடையாது. 26 நாட்கள் வராத 7-க்கும் நேற்று வந்த 4-க்கும் இன்று கடைசி இடத்தில் பத்தில் ஒரு வாய்ப்பே உண்டு. நோட்டில் எழுதிய இரண்டாண்டு உழைப்பு அந்த வாய்ப்பை ஓர் அணுவும் அசைக்கவில்லை.

அவருடைய முகவர் 60 ரூபாய்ச் சீட்டுக்கு 25,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். 1000 எண்களையும் ஒருவரே வாங்கினால் 60,000 ரூபாய் ஆகும். வெற்றி நிச்சயம்; கைக்கு வருவதோ 25,000. தோற்கவே முடியாத ஆட்டத்திலும் 35,000 ரூபாய் நட்டம்! அப்படியானால் எந்த எண்ணைத் தேர்ந்தாலும், 60 ரூபாய் கொடுத்து 25 ரூபாய் பெறுமானமுள்ள துண்டுத்தாளையே வாங்குகிறோம். பத்துச் சீட்டு வாங்கினால் வாய்ப்பு பத்து மடங்காகும் என்பது மெய்தான். நட்டமும் பத்து மடங்காகும்.

உபாயத்தால் வென்றவரே இல்லையா என்று அவர் கேட்டார். உண்டு. ருமேனியாவில் பிறந்த ஸ்டீபன் மாண்டல் 1992-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில லாட்டரியில் வென்றார். அங்கே 44 எண்களிலிருந்து 6 எண்களைத் தேர்ந்தெடுக்கவேண்டும். மொத்தச் சேர்க்கைகள் 70,59,052. சீட்டு ஒரு டாலர். வெல்பவர் இல்லாமல் குவிந்துகொண்டே போன பரிசு 2.7 கோடி டாலரைத் தொட்டது. அவர் எந்த எண் வரும் என்று கணிக்கவே இல்லை. பலருடைய முதலீட்டைத் திரட்டி ஏறக்குறைய 50 லட்சம் சீட்டுகளை வாங்கிக் குவித்தார். பரிசு ஏறிக்கொண்டே போகும் லாட்டரியில் மட்டுமே அது செல்லும். தெருமுனை முகவரின் 25,000 ஏறுவதில்லை.

அந்த 25,000-த்துக்கும் பொறுப்பாளி யார்? 1968-ல் தமிழக அரசே தொடங்கி நடத்திய லாட்டரி 2003 ஜனவரியில் தடைசெய்யப்பட்டது. இன்று இங்கே விற்கப்படுவது அயல் மாநிலக் குலுக்கலின் முடிவை மட்டும் இரவல் வாங்கிய களவு ஆட்டம். முகவர் கைவிரித்தால் முறையிட இடமில்லை. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகைத் தொழிலாளி ஒருவர் இந்த மூன்று நம்பரால் கடனில் மூழ்கி, மனைவியோடும் மூன்று பெண் குழந்தைகளோடும் மாண்டார். அந்தக் குழந்தைகள் எந்த எண்ணையும் தேர்ந்தெடுக்கவில்லை.

இத்தனையும் கேட்டபின் சகோதரர் தாழ்ந்த குரலில் சொன்னதுதான் என்னை உலுக்கியது. யோவான் 21-ஆம் அதிகாரத்தில் வலையில் அகப்பட்ட பெரிய மீன்கள் 153. மூன்று இலக்கம்! ஆறு மாதமாக அந்த எண்ணை ஜெபித்து வாங்கி வருகிறாராம். பிரியமானவர்களே, சீஷர்கள் இரா முழுவதும் பிரயாசப்பட்டவர்கள். ஆண்டவருடைய சொற்படி வலையை வீசி, கரைக்கு இழுத்தபின் எண்ணினார்கள். எண்ணை வைத்துக்கொண்டு மீனைத் தேடவில்லை. மத்தியாவுக்குச் சீட்டுப் போட்டார்களே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அங்கே யாரும் தன் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைப் பந்தயம் வைக்கவில்லை.

ஏசாயா 65-ஆம் அதிகாரத்தின் 11, 12-ஆம் வசனங்களை வாசியுங்கள். கர்த்தரை மறந்தவர்கள் காத், மேனி என்னும் தெய்வங்களுக்குப் பந்தியும் பானபலியும் படைக்கிறார்கள். காத் அதிர்ஷ்டத்தின் தெய்வம். மேனி என்ற பெயரோ எண்ணுதல், பங்கிடுதல் என்னும் எபிரெய வேரிலிருந்து வருவது. எண்ணின் தெய்வத்துக்கு வார்த்தவர்களைத் தேவனும் எண்ணுகிறார், பட்டயத்துக்கென்று! தீர்க்கதரிசியின் சொல்விளையாட்டில் நகைப்பு இல்லை.

ஆயினும் அவரை மட்டும் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. ஆயிரம் ரூபாய் விதைத்தால் நூறத்தனையாய் அறுப்பாய் என்று காணிக்கைப் பையை நீட்டும் பிரசங்கங்களை அவர் எங்கே கேட்டார்? நம் கூட்டங்களில்தான். மாற்கு 10:30-ஐ ஒரு பரிசுப் பட்டியலாக அச்சிட்டு விநியோகித்தவர்கள் நாம். சுவர்களில் தொங்கும் வாக்குத்தத்த அட்டையிலிருந்து சங்கீத எண்ணை எடுத்துச் சீட்டு வாங்குபவரைப் பார்த்துச் சிரிக்கும் ஊழியர், தாம் விற்றது என்ன என்று முதலில் சொல்லட்டும். லாட்டரியில் விழுந்ததில் தசமபாகம் என்று ஒருவர் கொண்டுவந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பும் சபைகள் எத்தனை?

தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணமும் வாரவட்டியும் சேர்ந்து எவ்வளவு என்று கேட்டேன். லாட்டரி முடிவுகளை ஒரு நாள் விடாமல் எழுதிவைத்த சகோதரருக்கு அந்தத் தொகை மட்டும் தெரியவில்லை. நோட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது, பின்பாதி வெற்றுத்தாள். வருகிற சனிக்கிழமை கூலி வாங்கியதும் மனைவியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் தாள்களில் முதலில் கடன்களை எழுதப்போகிறோம்.