குட்டியானை யானை அல்ல!

திருவண்ணாமலைக்கு அந்தக் காலத்தில் நெல் மூட்டை மாட்டு வண்டியில் வந்தது. இன்று சிறு சரக்கு வண்டியில் வருகிறது. 2005-ம் ஆண்டில் டாட்டா கம்பெனி "ஏஸ்" என்ற வண்டியை வெளியிட்டது. தமிழ்நாட்டு மக்கள் அதற்குச் சூட்டிய பெயர் "குட்டியானை". செல்லப் பெயர்தான். பெயரை நம்பி யானைச் சுமையை ஏற்றுகிறார்களே, அங்கேதான் ஆபத்து!

அந்த வண்டிக்கு உரிய பாரம் சுமார் 750 கிலோ. 75 கிலோ நெல் மூட்டை என்றால் பத்து. பதினைந்து ஏற்றினாலும் வண்டி நகரும். "அதுதான் இழுக்கிறதே!" என்பார்கள்.

இழுப்பது பெரிதல்ல, நிறுத்துவதே பெரிது. திருவண்ணாமலைக்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? தீபத் திருவிழாவின் ஏழாம் நாளில் பெரிய தேரின் வடம் பிடிக்க ஆயிரக்கணக்கானோர் உண்டு. தேரை நிறுத்துவதோ, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் சிலர்தான். சரக்கு வண்டியின் முட்டுக்கட்டை அதன் பிரேக். வண்டியின் மொத்த எடை இரண்டு மடங்கானால், அதே வேகத்தில் பிரேக்குக்கும் இரண்டு மடங்கு வேலை. பின்பாரம் மிஞ்சினால் முன் சக்கரம் லேசாகும்; ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது. டிரெய்லர் கட்டி இழுத்தாலும் இதே கதைதான். மேட்டில் பின்னுக்கு இழுக்கும் டிரெய்லர், இறக்கத்தில் வண்டியையே முன்னால் தள்ளும்.

மூட்டைக்குப் பதில் மனிதர்களை ஏற்றுவது இன்னும் மோசம். மூட்டையைக் கட்டி வைக்கலாம்; மனிதர்கள் வளைவில் ஒரே பக்கம் சாய்வார்கள். 2022 ஏப்ரலில் ஜவ்வாது மலையின் திருப்பத்தூர் மாவட்டப் பகுதியில், கோவிலுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற சரக்கு வண்டி பள்ளத்தில் கவிழ்ந்தது. பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். பஸ் வராத மலைக் கிராமத்தானிடம் "ஏறாதே" என்று மட்டும் சொன்னால் போதாது. பஸ்ஸும் விட வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரும் குற்றவாளியே. ஆனால் நடப்பது என்ன? "இன்னும் நாலு மூட்டை போடு" என்ற வியாபாரி கடையில் இருப்பார். ரோட்டில் கைகட்டி நிற்பவர் டிரைவர்! ஏற்றச் சொன்னவரிடமும் அபராதம் வாங்கினால், அந்த நாலு மூட்டை தானாக இறங்கிவிடும்.

காலி எடை, மொத்த எடை இரண்டும் ஆர்.சி. புத்தகத்தில் உண்டு. கழித்தால் கிடைப்பது வண்டியின் தாங்கு சக்தி. அதில் டிரைவரும் கிளீனரும் அடக்கம். அந்தக் கணக்கை மூட்டைக் கணக்காக்கி, வண்டியின் பின்கதவில் பெரிய தமிழ் எழுத்தில் எழுதச் சொல்லலாம். ஏற்றும் கூலியாளும் படிப்பார். பின்னால் வருபவரும் எண்ணிப் பார்ப்பார்.