தோற்றதைச் சொல்லிவிடும் படலை



உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளும், படிப்பிக்கும் சக ஆசிரியர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

கணினிக்குள் தர்க்கப் படலைகள் இருப்பதை வகுப்பில் படிப்பிக்கிறோம். ஒளியால் குவாண்டம் கணினி செய்பவர்களுக்கும் படலைகள் வேண்டும். அங்கே ஒவ்வொரு பிட்டையும் சுமப்பது ஒரு போட்டன். தனிப் போட்டனின் முனைவாக்க நிலையை மாற்றுவது லேசு. மூன்றே மூன்று அலைத்தட்டுகளைத் திருப்பி வைத்து எந்த மாற்றத்தையும் செய்யலாம் என்று சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். சைமனும் பெங்களூரின் என். முகுந்தாவும் 1990 இல் காட்டினார்கள்.

சிக்கல், இரண்டு போட்டன்களைச் சேர்க்கும் படலையில். இரண்டு டோர்ச் வெளிச்சத்தைக் குறுக்கும் மறுக்கும் அடித்துப் பாருங்கள். ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் கடந்து போகும். பேசாத இரண்டு பேரை எப்படிச் சேர்த்து வேலை வாங்குவது?

2001 இல் நில், லஃப்லாம், மில்பர்ன் என்ற மூவர் வழி சொன்னார்கள். ஒளியைப் பிரிக்கும் கண்ணாடிகள், உதவிக்குச் சில போட்டன்கள், போட்டனை எண்ணும் உணரிகள் போதும். ஆனால் அவர்களுடைய அடிப்படைப் படலை சராசரியாக 16 தடவைக்கு ஒரு தடவைதான் சரிவரும்.

இதை நம்பகமாக்கியது இரண்டு விடயங்கள். ஒன்று, முன்னாயத்தம். கடினமான பகுதியைத் தனியாகச் செய்து பார்த்து, பிழைத்ததை வீசிவிட்டு, சரிவந்ததை மட்டும் உண்மையான கணிப்புக்கு எடுப்பது. இப்படி உதவிப் போட்டன்களைக் கூட்டக் கூட்ட, வெற்றி வாய்ப்பு 1/4, 4/9, 9/16 என்று ஏறும். இரண்டாவது, அதைவிடப் பெரியது: தோற்றால் எந்த இடத்தில் தோற்றது என்பதை உணரி உடனே சொல்லிவிடும். இடம் தெரிந்த பிழையைத் திருத்தலாம். மறைந்திருக்கும் பிழையைத் திருத்துவதுதான் கஷ்டம்.

இப்போது நமது பரிசோதனைக் கொப்பிகளைத் திறந்து பாருங்கள். வில்லையின் குவியத்தூரம் 15 சென்ரிமீற்றர் வரவேண்டிய இடத்தில் 16.8 வந்தால் பிள்ளை என்ன செய்கிறது? அழித்துவிட்டு 15.1 என்று எழுதுகிறது. நாமும் அழகான கொப்பிக்கு முழுப் புள்ளி போடுகிறோம். ஊசியை இடமாறு தோற்றம் இல்லாமல் வைத்ததா, அளவுகோலைச் சரியாக வாசித்ததா என்று கண்டுபிடிக்க இருந்த ஒரே தடயமும் அதோடு போய்விட்டது.

பரீட்சைக்கு விடைதானே முக்கியம் என்பீர்கள். பரீட்சை இரண்டு வருடத்தில் முடிந்துவிடும். வாசிப்பைத் திருத்தும் பழக்கம் முடியாது. நாளைக்கு அந்தப் பிள்ளை ஆய்வுகூடத்தில் இரத்தப் பரிசோதனை செய்யலாம், பாலத்துக்குக் கம்பி கணக்குப் பார்க்கலாம்.

ஆயிரம் வருடத்துக்கு முன் ஒளியைப் பற்றி எழுதிய இப்னுல் ஹைதம், முன்னோர் சொன்னதையும் சோதித்துப் பார்த்தவர். அவர் பெயரை மேடையில் சொல்லிப் பெருமைப்படும் நாம், அவர் வழியைக் கொப்பியில் கொண்டுவர வேண்டாமா?

எனது கோரிக்கை சின்னது. வாசிப்புகளைப் பேனாவால் எழுதட்டும். பிழையென்று நினைத்ததை அழிக்காமல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் காரணம் எழுதட்டும். அந்தக் காரணத்துக்கு நாம் புள்ளி கொடுப்போம்.